கூடையில் போட்ட சாமான் எங்கே போனது?



வீட்டிலிருந்தபடியே ஒரு தொழில் செய்து குடும்பச் செலவுக்குக் கைகொடுப்பது எமது பெண்களுக்குப் புதிய விடயமல்ல. தையல், ஊறுகாய், மிளகாய்த்தூள், தொதல் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கைப்பக்குவம் உண்டு. முன்பு வாங்குபவர் பக்கத்து வளவில் இருந்தார். வேலிக்கு மேலால் குரல் கொடுத்தால் போதும்.

இன்று நிலைமை அப்படியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் 2009க்குப் பின்னர் முள்ளியவளை, தண்ணீரூற்று, நாச்சிக்குடா என்று ஊர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகளில் சிலர் கொழும்பில், சிலர் வளைகுடா நாடுகளில். உறவு சிதறியிருப்பதால் வாங்குபவர்களும் சிதறித்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சென்றடைய இணையத்தில் ஒரு சிறு கடை திறப்பது இன்று வன்னியில் உள்ள ஒரு வீட்டுக்கும் எட்டக்கூடிய காரியமே.

ஆனால் கடை திறப்பது ஒன்று; அது பழுதானால் பழுதைக் கண்டுபிடிப்பது வேறொன்று. இம்மாதம் அந்த இரண்டாவது விடயத்தைத்தான் பேசப் போகிறோம்.

ஓர் உதாரணத்துக்கு வவுனியா மாவட்டத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உம்மா அபாயா தைக்கிறார். உயர்தரம் முடித்த மகள் இணையக் கடையைக் கவனிக்கிறாள். தளத்தை அமைத்துக் கொடுத்த உறவுக்காரப் பையன் வெளிநாடு போய்விட்டான். ஒரு நாள் புத்தளத்திலிருந்து மாமி பேசுகிறார்: “மகள், ரெண்டு அபாயா கூடையில போட்டேன். காசு கட்டப் போனா கூடை வெறுமையா இருக்கு.”

மகள் என்ன செய்வாள்? பயந்துபோய்க் கடையை மூடிவிடலாம். அல்லது கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் மாற்றி, ஒரு பழுதைப் பத்துப் பழுதாக்கலாம். இரண்டும் வேண்டாம். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குப் பெரிய கணனிப் படிப்புத் தேவையில்லை. பொறுமையும் ஒரு கொப்பியும் பேனையும் போதும். சீட்டுக் கணக்கில் நூறு ரூபா இடித்தால் என்ன செய்வீர்கள்? கடைசியாகக் கணக்குச் சரியாக இருந்த வரிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வருவீர்கள் அல்லவா? இதுவும் அதே வேலைதான்.

கடைக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள்?

இணையக் கடையின் பின்னால் மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, வாங்குபவரின் கையிலுள்ள தொலைபேசி. இரண்டாவது, சேர்வர் எனப்படும் தூரத்துக் கணனி. மூன்றாவது, பொருள், விலை, கட்டளை, விலாசம் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் தரவுத்தளம். அநேகமான கடைகளில் இதன் பெயர் மைஎஸ்கியூஎல். சேர்வரில் நின்றுகொண்டு தொலைபேசிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் செய்கிற வேலையாள்தான் பீஎச்பீ என்ற கணனி மொழியில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. அதையே ஸ்கிரிப்ட் என்கிறார்கள்.

இந்த மொழியை உருவாக்கியவர் கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லேர்டோர்ஃப். 1994இல் தனது சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதியதை 1995இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தொடங்கப்பட்ட ஓஎஸ்கொமர்ஸ் என்ற கடை ஸ்கிரிப்டும் இந்த மொழியில் எழுதப்பட்டதே. பின்னர் வந்த ஓபன்கார்ட்டும், 2011இல் வேர்ட்பிரஸுக்குத் துணையாக வந்த வூகொமர்ஸும் அப்படியே. இவை எல்லாமே இலவசமாகக் கிடைப்பதால்தான் எம்மைப் போன்ற சிறு வீடுகளிலும் கடை திறக்க முடிகிறது.

கூடை ஏன் மறந்து போகிறது?

மாமியின் கூடைக்கு வருவோம். சேர்வருக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். கேட்டவர் யார் என்பதை அந்தக் கணமே மறந்துவிடும். மாமி அபாயாப் பக்கத்திலிருந்து பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும்போது அவர் புதிய ஆளாகவே தெரிவார். இந்த மறதிக்கு மருந்தாகத்தான் செஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் எமக்கு ஓர் இலக்கத் துண்டு தருகிறார்களே, அது போல. துண்டு மாமியின் தொலைபேசியில் இருக்கும். அதற்கு குக்கி என்று பெயர். அந்த இலக்கத்துக்குரிய கூடைக் கணக்கு சேர்வரில் இருக்கும். துண்டு தொலைந்தால் கூடையும் தொலையும்.

துண்டு தொலைவதற்குப் பொதுவான காரணங்கள் நான்கு.

முதலாவது, நேரம். பீஎச்பீயில் வேறுவிதமாகச் சொல்லி வைக்காவிட்டால், 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள், யாரும் தொடாத கூடைக் கணக்குப் பழையதாகக் கருதப்பட்டு அழிக்கப்படலாம். சாமானைக் கூடையில் போட்டுவிட்டு பிள்ளைக்குச் சோறு தீத்தி, தொழுதுவிட்டு வந்தால் 24 நிமிடங்கள் எம்மாத்திரம்? சிக்னல் போய் வருகிற ஊர்களில் சொல்லவே வேண்டாம். இந்த நேரத்தைக் கூட்டி வைக்கலாம்.

இரண்டாவது, விலாசத்தின் இரட்டை வேடம். முன்னால் மூன்று ‘டபிள்யூ’ உள்ள விலாசத்தில் சாமானைப் போட்டு, அது இல்லாத விலாசத்தில் பணம் கட்டும் பக்கம் திறந்தால், துண்டு செல்லாமல் போகலாம். எல்லாப் பக்கங்களும் ஒரே விலாசத்திலேயே திறக்கும்படி வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் ‘செஷனைத் தொடங்கு’ என்ற கட்டளை இருக்க வேண்டும். ஒரே ஒரு பக்கத்தில் அது விடுபட்டாலும் அந்தப் பக்கத்துக்குக் கூடை தெரியாது.

நான்காவது காரணம் தமிழில் கடை நடத்துபவர்களுக்கு அடிக்கடி வரக்கூடியது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். செஷன் துண்டு, பக்கத்தின் எழுத்துகள் புறப்படுவதற்கு முன்னர் போக வேண்டும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு உள்ளே ஒரு துண்டை வைக்க முடியாதல்லவா? கட்டளைக்கு முன்னால் ஒரு வெற்று வரி, ஓர் இடைவெளி இருந்தால்கூட உறை ஒட்டப்பட்டதாகிவிடும். உடனே பீஎச்பீ ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று முறையிடும்.

மகள் தனது கடையின் தலைப்பைத் தமிழில் மாற்ற விரும்பி, விண்டோஸ் கணனியிலுள்ள நோட்பேட்டில் கோப்பைத் திறந்து, தமிழ் எழுத்துப் போட்டுச் சேமிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய நோட்பேட், தமிழ் நிற்கக்கூடிய யுனிகோட் முறையில் சேமிக்கும்போது, கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தையும் வைத்துவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் அந்த அடையாளமின்றிச் சேமிப்பது வழமையானது. அந்தத் தெரியாத அடையாளமே உறையை ஒட்டிவிடும். மாற்றியது தலைப்பை, வெறுமையானது கூடை! கோப்பில் எத்தனை தடவை தேடினாலும் பிழை கண்ணில் படாது.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த முறைப்பாட்டில் இரண்டு விலாசங்கள் இருக்கும். அடைப்புக்குறிக்குள் ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்பதை அடுத்து வருகிற கோப்பும் வரி இலக்கமும்தான் உண்மையான குற்றவாளி. பின்னால் வருவது பாதிக்கப்பட்ட இடம். பலர் பாதிக்கப்பட்ட இடத்தையே திருத்திக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி முதலாவது வரி என்று சொல்லி, அங்கே எதுவும் தெரியாவிட்டால், அந்தக் கோப்பை அடையாளம் இல்லாத யுனிகோட் முறையில் மீண்டும் சேமியுங்கள்.

முறைப்பாட்டை வாசிக்கும் முறை

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருவதால் எமது பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். அது திட்டு அல்ல, தகவல். அநேகமாக அதில் நான்கு விடயங்கள்தான் இருக்கும்: எந்த வகைப் பிழை, என்ன நடந்தது, எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில். நான்கையும் கொப்பியில் அப்படியே எழுதுங்கள்.

‘பார்ஸ் எரர்’ என்றால் இலக்கணப் பிழை. ஓர் அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ விடுபட்டிருக்கும். பீஎச்பீ தடுக்கி விழுந்த வரியைத்தான் அது சொல்லும். கல் கிடந்தது பெரும்பாலும் அதற்கு மேலுள்ள வரியில். ‘ஃபேட்டல் எரர்’ என்றால் வேலை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. ‘வார்னிங்’ என்றால் தவறைக் கண்டும் வேலை தொடர்கிறது. ‘டெப்ரிகேட்டட்’ என்றால், இன்று ஓடும், நாளைய பதிப்பில் ஓடாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பு.

ஒரே நேரத்தில் இருபது செய்திகள் வந்தால் முதலாவதை மட்டும் பாருங்கள். மற்றவை அதன் பிள்ளைகளாக இருக்கலாம். தாய்ப் பிழை தீர்ந்தால் பலவும் தானாக மறையும்.

சில வேளைகளில் திரை முழுதும் வெள்ளையாக இருக்கும். ஒரு சொல்லும் வராது. செய்தி இல்லை என்று நினைக்க வேண்டாம். அது பிழைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கலாம். சேர்வர் இடம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ‘எரர் லொக்’ என்று ஒன்று இருக்கும். அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். மக்கள் வந்து போகிற கடையில் பிழைச் செய்தி திரையில் தோன்றாமல் பதிவேட்டுக்குப் போவதே முறையானது. ஏனெனில் அந்தச் செய்தி கடையின் உள்வீட்டுப் பாதையை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். ஆனால் திரையில் மறைப்பது வேறு, பதிவேட்டையும் சேர்த்து நிறுத்துவது வேறு. பதிவேட்டை நிறுத்துவது, காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்வது போன்றது.

யாரும் தொடாமலே கடை படுத்துவிட்டதா?

“நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை” என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம். சேர்வர் நிறுவனம் பீஎச்பீயின் பதிப்பை உயர்த்தியிருக்கும். பழைய ஸ்கிரிப்ட்கள் தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய ‘மைஎஸ்கியூஎல் கனெக்ட்’ முதலான பழைய கட்டளைகள் 2015 டிசம்பரில் வெளியான 7ஆம் பதிப்பில் அகற்றப்பட்டன. பழைய ஓஎஸ்கொமர்ஸ் நிறையப் பயன்படுத்திய ‘ஈச்’ என்ற கட்டளை 2020 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில் இல்லை. ‘கோல் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்று செய்தி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பழைய பதிப்புக்கு மாற்றும் வசதி இருந்தால், கடையை எழுப்ப அதைத் தற்காலிகமாகச் செய்யலாம். ஆனால் அது கிழிந்த கூரைக்குப் பொலித்தீன் போடுவது போலத்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பில் பிறரின் விலாசங்களை வைத்திருப்பது நல்லதல்ல. ஸ்கிரிப்டைப் புதுப்பிக்கும் வேலையை உடனே தொடங்க வேண்டும்.

பாத்திமாவுக்கு ஏன் இடமில்லை?

பெயர் எழுதும் கட்டத்தில் ‘பாத்திமா’ என்று தமிழில் எழுதினால், பெயர் நீளம் அதிகம் என்று கடை மறுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. என்ன மர்மம்? எமது கண்ணுக்கு அது நான்கு எழுத்து: பா, த், தி, மா. கணனிக்கோ அது எட்டுக் குறிகள். யுனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். ஆகவே 24 பைட். பெயருக்கு 20 என்று எல்லை வைத்து, பைட்டை எண்ணும் கட்டளையால் அளந்தால் பாத்திமாவுக்கு இடம் கிடைக்காது. பீஎச்பீயில் குறிகளை எண்ணும் வேறு கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைப் பாவிக்க வேண்டும். பொருளின் விளக்கத்தைப் பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாக நிற்பதும் இதனால்தான்.

முழுத் தமிழும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், தரவுத்தளமும் அதற்கான இணைப்பும் ஒரே எழுத்துமுறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதே பொருத்தமானது. 2018இல் வந்த அதன் 8ஆம் பதிப்பில் இதுவே வழமை. அதற்கு முந்திய ‘யூடிஎஃப்8’ 3 பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்குப் போதும், ஆனால் சிரித்த முகம், பூங்கொத்துப் போன்ற படக்குறிகளுக்கு 4 பைட் வேண்டும். விலாசத்தின் கீழே ஒரு சகோதரி அன்போடு ஒரு பூப் போட்டதற்காக அவருடைய கட்டளையே பதியப்படாமல் போகலாம்!

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போடுகிற முறை. உங்கள் கணனியில் தமிழாகத் தெரியும். வாங்குபவரின் தொலைபேசியில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கடைக்கு யுனிகோட்டில் எழுதுங்கள்.

பெயரோடு தொடர்புடைய இன்னொரு பிழை உண்டு. அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெயரைக் கொடுத்ததும் ‘எஸ்கியூஎல் சின்டெக்ஸ்’ என்று பிழை வந்தால் அதைச் சின்ன விடயமாக எடுக்க வேண்டாம். வாங்குபவர் எழுதியதை ஸ்கிரிப்ட் தரவுத்தளக் கட்டளையோடு நேரடியாக ஒட்டுகிறது என்பதற்கு அது அடையாளம். இன்று ஒரு பெயர் அந்தக் கதவைத் தற்செயலாகத் தட்டியது. நாளை ஒரு திருடன் வேண்டுமென்றே திறப்பான். குறியை நீக்கச் சொல்வது தீர்வல்ல. கட்டளையையும் பெயரையும் தனித்தனியாக அனுப்பும் ‘பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்’ முறைக்கு ஸ்கிரிப்டை மாற்ற வேண்டும்.

சத்தம் போடாத பிழைகள்

இதுவரை சொன்ன பிழைகளில் அநேகமானவை எப்படியும் சத்தம் போடும். செய்தி வரும், திரை வெளுக்கும், மாமி தொலைபேசி எடுப்பார். உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமே போடாத பிழைக்கு. எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருக்கும். பணம் மட்டும் பிழையாகும்.

ஓர் அபாயாவின் விலை 3,500 ரூபா. பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று ஆயிரத்துக்குப் பக்கத்தில் காற்புள்ளி போட்டு விலையைக் காட்டுகிறோம். காட்டுவதற்குச் சரி. ஆனால் அதே எழுத்தைக் கணக்குக்கும் எடுத்தால் என்ன ஆகும்? பீஎச்பீ எண்ணாக மாற்றும்போது காற்புள்ளியில் நின்றுவிடும். 3,500 வெறும் 3 ஆகிவிடும். இரண்டு அபாயா 6 ரூபா. அனுப்பும் கூலி 400 என்றால் மொத்தம் 406. வர வேண்டியது 7,400! எண்ணாக மாற்று என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டிருந்தால், புதிய பதிப்புகளிலும் எச்சரிக்கை வராது. கணக்குக்கு எடுக்கும் விலை எப்போதும் காற்புள்ளி இல்லாத எண்ணாக இருக்க வேண்டும். அதைச் சதக் கணக்கில் முழு எண்ணாக வைத்திருந்தால் தசம இடங்களில் வரும் சில்லறைப் பிசகுகளையும் தவிர்க்கலாம்.

விலையை வாங்குபவரின் தொலைபேசியிலிருந்து திருப்பி எடுக்கும் ஸ்கிரிப்டும் ஆபத்தானது. பக்கத்துக்குள் மறைத்து வைத்த விலையை, சற்று விடயம் தெரிந்த ஒருவர் தனது பக்கத்தில் மாற்றி அனுப்ப முடியும். தொலைபேசியிலிருந்து வர வேண்டியது எந்தப் பொருள், எத்தனை என்பவை மட்டுமே. எத்தனை என்பதிலும் கவனம் வேண்டும். ‘கழித்தல் இரண்டு அபாயா’ என்று ஒருவர் அனுப்பினால் கடை மறுக்கிறதா? விலையைத் தரவுத்தளத்திலிருந்து சேர்வரே எடுக்க வேண்டும்.

அடுத்தது இரட்டைக் கட்டளை. சிக்னல் மெதுவாக இருக்கும்போது வாங்குபவர் பொத்தானை மறுபடி அழுத்துவார், பக்கத்தைப் புதுப்பிப்பார். ஒரே கட்டளை இரண்டு தடவை பதியும். உம்மா இரவிரவாக நான்கு அபாயா தைத்து முடித்த பிறகுதான் மாமி கேட்டது இரண்டு என்று தெரியவரும். கட்டளை பதிந்தவுடன் வாங்குபவரை வேறொரு நன்றிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவதும், ஒரு கூடைக்கு ஒரே ஒரு கட்டளை இலக்கம்தான் என்று வைப்பதும் இதற்குத் தடுப்பு.

காசட்டைகளால் பணம் பெறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எமது நாட்டில் பாவனையிலுள்ள பேஹியர் போன்ற சேவைகளில், பணம் செலுத்திய பின் வாங்குபவர் எமது கடைப் பக்கத்துக்குத் திரும்பி வருவது வேறு. அந்தச் சேவையின் சேர்வர் எமது சேர்வருக்கு இரகசியக் கையொப்பத்தோடு தனியாக அறிவித்தல் அனுப்புவது வேறு. திரும்பி வந்ததை வைத்துப் பணம் வந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. அந்தப் பக்கத்தின் விலாசத்தை யாரும் தட்டெழுதித் திறக்கலாம். அறிவித்தலின் கையொப்பம், கட்டளை இலக்கம், தொகை, நிலை ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டுமே ‘பணம் கிடைத்தது’ என்று பதிய வேண்டும். பேஹியரில் வெற்றியைக் குறிக்கும் நிலை இலக்கம் 2. வீட்டுக் கணனியில் வைத்துப் பரிசோதிக்கும்போது இந்த அறிவித்தல் வந்து சேராது. ஏனெனில் வெளியிலிருந்து பார்த்தால் அந்த விலாசத்துக்கு வழியில்லை. அதைப் பிழை என்று எண்ணி நாட்களை வீணாக்காதீர்கள்.

மகள் செய்ய வேண்டிய ஒழுங்கு

ஒன்று: எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்து வையுங்கள்.

இரண்டு: பழுதை நீங்களே மீண்டும் உண்டாக்கிப் பாருங்கள். எந்தத் தொலைபேசி, எந்தப் பொருள், எந்தப் பொத்தானுக்குப் பிறகு என்று எழுதுங்கள். மீண்டும் வரச் செய்ய முடியாத பழுதைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லவும் முடியாது.

மூன்று: கடைசியாகச் சரியாக இருந்த இடத்தைத் தேடுங்கள். கூடைப் பக்கத்தில் இரண்டு அபாயா இருக்கிறதா? விலாசப் பக்கத்தில் இருக்கிறதா? பணம் கட்டும் பக்கத்தில் இல்லையா? அப்படியானால் பழுது விலாசத்துக்கும் பணத்துக்கும் நடுவில். முழுக் கடையையும் கிளற வேண்டியதில்லை.

நான்கு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கறியில் உப்புக் கூடிவிட்டது என்று தேங்காய்ப்பாலும் புளியும் உருளைக்கிழங்கும் ஒன்றாய்ப் போட்டால் எது சரி செய்தது என்று தெரியாது. மாற்றம் பலிக்காவிட்டால் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

ஐந்து: முடியுமானால் கடையின் பிரதியொன்றை வீட்டுக் கணனியில் ஓட்டி அதில் பரிசோதியுங்கள். இதற்கு எக்சாம்ப் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. திருத்திய பின் ஒரு பொருள், இரண்டு பொருள், வெறுங்கூடை, ஆயிரத்துக்குக் குறைந்த விலை, கூடிய விலை, தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பாருங்கள்.

தன்னால் இயலாதபோது உதவி கேட்பதில் வெட்கமில்லை. எமது பிரதேசத்திலேயே கணனி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பம்பைமடுவிலுள்ள வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கணனிப் பொறியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது. உறவிலோ அயலிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கேளுங்கள். கேட்கும்போது “கடை வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிழைச் செய்தி முழுவதும், கோப்பு, வரி, பீஎச்பீ பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பவற்றைக் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. கடவுச்சொல்லையும் பணச் சேவையின் இரகசியக் குறியையும் கேட்டவருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். வாங்கியவர்களின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் தெரியும் படங்களையும் பகிர வேண்டாம். அவை எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டமும் 2022இல் எமது நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது.

உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. தளத்தின் பெயர், சேர்வர் இடம், பணச் சேவைக் கணக்கு ஆகிய மூன்றும் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கின்றன என்று இன்றே கேட்டுப் பாருங்கள். அமைத்துக் கொடுத்தவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், கடைச் சாவி கடைக்காரியின் கையில்தான் இருக்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் பழுது எங்கே என்று தெரிந்தும் கதவுக்கு வெளியில்தான் நிற்போம். மகள் இதில் உட்கார்ந்து மண்டையைப் போட்டு உடைக்கும்போது “உனக்கேன் இந்த வேலை” என்று சொல்லாதீர்கள். தையல் மெஷினுக்கு நூல் கோர்க்கப் பழகியது போல அவளும் பழகிக்கொள்வாள்.

சத்தம் போடாத பிழைகளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கணனி அறிவே தேவையில்லை. ஒவ்வொரு நாளும் கடையை மூடும் நேரத்தில் மூன்று கணக்குகளைக் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடையில் பதிந்த கட்டளைகள் எத்தனை, எவ்வளவு ரூபாவுக்கு? கையிலும் வங்கியிலும் வந்த பணம் எவ்வளவு, பொதி சேர்ந்த பின் வர வேண்டியது எவ்வளவு? கட்டி அனுப்பிய பொதிகள் எத்தனை, இன்னும் தைக்க வேண்டியவை எத்தனை? மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் நிம்மதியாகத் தூங்குங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த நாள் கடை திறக்கும் முன் அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். 7,400 ரூபாவுக்குப் பதிலாக 406 ரூபா வந்திருப்பதை எந்தப் பிழைப் பதிவேடும் சொல்லாமல் விடலாம்; உம்மாவின் கொப்பி அன்றிரவே சொல்லிவிடும்.